கத்தாத கதவு

“அம்மா, கதவைத் தொறங்க. நாங்க சேலத்துல இருந்து வந்திருக்கோம்.”

“மாட்டேன்.”

“நீங்க எழுதின கார்டு எங்க கையிலதானுங்க இருக்குது.”

“இருந்தா பத்திரமா வெச்சுக்குங்க. கதவை நான் தொறக்க மாட்டேன். நீங்க தொறக்கத்தான் உங்களை வரச் சொன்னேன்.”

சின்னண்ணன் கதவிலிருந்து காதை எடுத்துக்கொண்டு அருணகிரியைத் திரும்பிப் பார்த்தான்.

“அய்யா, பத்து வருசம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தேன். ஏறச் சொன்னா எறங்கற சனத்தைப் பாத்திருக்கேன். ஆளைக் கூப்பிட்டுப்போட்டுக் கதவைச் சாத்திக்கற பொம்பளையை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

அருணகிரியின் கண் கதவின் மேல் இருந்தது. கதவைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்த மனிதருக்கு மனிதர்கள் தெரிவதில்லை. சேலம் கோர்ட்டில் இருபது வருஷம் அமீனா வேலை பார்த்தவர். ஜப்தி உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, ஜில்லாவில் முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட கதவு ஒன்று விடாமல் எல்லாவற்றின் முன்னாலும் நின்றவர். உள்ளே பிரசவம் நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் கதவை உடைக்கச் சொன்னார்கள். அன்றைக்கு இடுப்பு வில்லையைக் கழற்றி அந்த வீட்டு வாசற்படியிலேயே வைத்துவிட்டு நடந்து வந்தார். அதற்குப் பிறகுதான் இந்தத் துப்பறியும் தொழில்.

சின்னண்ணன் வேலை போன கதையும் கௌரவமான கதைதான். யுத்தத்தில் பெட்ரோல் அற்றுப்போய் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடத் தொடங்கியபோது, ஏற்றத்தில் பஸ்ஸைத் தள்ளிய ஜனங்களுக்கு அவன் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தான். “தள்ளினது அவிய, ஏறுனது பஸ்ஸு. ஞாயப்படி பஸ்தானே அவியளுக்குச் சத்தக்கூலி குடுக்கோணும்?” என்று முதலாளியிடமே கேட்டான். அன்று சாயங்காலமே பையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது இருவரும் நிற்பது மல்லசமுத்திரத்துக்கு வடக்கே, கடலைக்காட்டுக்கு நடுவில் இருந்த ஒரு தோட்டத்து வீட்டின் கூடம். எதிரே சாத்திய ஒற்றைக் கதவு. உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் உண்ணாமலை. புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கார்டில் அவள் எழுதியிருந்தது நாலே வரி:

‘நான் பூட்டிப்போன படுக்கை ரூமை வெளியிலிருந்து எவனோ திறந்திருக்கிறான். பூட்டு உடையவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. வந்தால் சோறு போடுவேன், பொய் சொல்ல மாட்டேன்.’

“கடைசி வரிக்காகத்தான் வந்தோம்,” என்றார் அருணகிரி வழியெல்லாம்.

“அந்த வரியோட முன்பாதிக்காகத்தான் நான் வந்தேன்,” என்றான் சின்னண்ணன்.

கூடத்தின் மறுபக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஊர் மணியக்காரர் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, களைத்த முகம். அவரைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர். தூணில் சாய்ந்து நின்ற ஆள்தான் வெங்கடாசலம், உண்ணாமலையின் புருஷனுக்குத் தம்பி. அகலமான தோல் வாரை வேட்டிமேல் கட்டியிருந்தான். வீட்டின் முன்பாதியில் அவன் குடித்தனம், பின்பாதியில் அவள் குடித்தனம். ஒரே வீடாக்கிவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு அண்ணன் சாம்பல் ஆறுவதற்கு முன்பே வந்துவிட்டது.

“வாங்க, சேலத்துத் தொரைங்களா!” என்றான் அவன், அண்ணி இருந்த அறைக் கதவைக் காட்டி. “எங்க நங்கையா பூட்டுக்கு வக்கீல் புடிச்சிருக்கறாளாமா?”

மணியக்காரர் கையை உயர்த்தினார். நடந்ததை அவரே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை உண்ணாமலை படுக்கையறையைப் பூட்டிக்கொண்டு கடலை பிடுங்கப் போனாள். ஒரே சாவி, அது அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. மத்தியானம் அவள் திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது வெங்கடாசலம் மணியக்காரரோடு உள்ளே வந்தான். பாகப் பத்திரம் பார்க்க வேண்டுமாம். பார்க்கிற சாக்கில் கட்டிலை இழுத்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு ஆண்பிள்ளை தலையில் கட்டுகிற சிவப்புக்கரை உருமாலும் ஒரு பொடி டப்பியும் கிடந்தன.

“பூட்டு நல்லா இருக்குது. சாவி அவகிட்ட. ரூமுக்கு சன்னலே கிடையாது. அப்ப உள்ளே வந்தவனை ஆரு உட்டது?” மணியக்காரர் பெருமூச்சு விட்டார். “நான் கேக்கலைங்க. ஊரு கேக்குது.”

ஊர் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதிலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சாயத்து கூடுகிற வெள்ளிக்கிழமை காலையில், உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கதவுக்கு உள்ளிருந்தே ஒரு பந்தயம் கட்டினாள்.

அதை இப்போது மறுபடியும் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரு சொல்கூட மங்கவில்லை.

“வெளியில இருந்து இந்தக் கதவைத் தொறக்கவே முடியாது, அதனால நான்தான் எவனையோ உட்டேன்னு சொல்றீங்கல்ல? செரி. உள்ளே தாழ் போட்டுக் குந்தியிருக்கறேன். உடைக்காம, வெட்டாம ஒருத்தர் தொறந்து காட்டட்டும். பன்னெண்டு மணி பஸ்ஸு ஊதறதுக்குள்ள தொறக்காட்டி, கட்டின சீலையோட எறங்கிப் போறேன். பங்கு வேண்டாம்னு கொழுந்தனாரு எழுதி வெச்சிருக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்தும் வெச்சுப்போட்டுப் போறேன். தொறந்துட்டா, கொழுந்தனாரு ஊட்டை உட்டு எறங்கோணும். ஒத்துக்கிட்டாரா இல்லையா, கேளுங்க!”

“ஒத்துக்கிட்டேன், ஒத்துக்கிட்டேன்,” என்றான் வெங்கடாசலம் சிரித்தபடி. “ஏப்பா ஆசாரி, நீ சொல்லு.”

தூணுக்குப் பின்னாலிருந்து ஒல்லியான ஆள் ஒருவர் முன்னால் வந்தார். பெயர் அர்த்தநாரி ஆசாரி. காதில் பென்சில் செருகியிருந்தது.

“எங்கப்பன் இருபத்து மூணு வருசத்துக்கு முந்தி, துன்மதி வருசத்துல போட்ட கதவுங்க இது. வாகை மரம். உள்ளே தாழ் உழுந்துட்டா எமனே வந்தாலும் வாசல்ல நின்னு கூப்பிடோணும்ங்க. மாரியாத்தா சத்தியமா வெளியில இருந்து தொறக்க முடியாது.”

“ரொம்பச் செரி,” என்றார் அருணகிரி. “மணி எத்தனை?”

“பதினொண்ணு,” என்றார் மணியக்காரர்.

“பன்னெண்டு மணி பஸ்ஸா?” என்றான் சின்னண்ணன். “அம்மிணி, கவலைப்படாதீங்க. கரி பஸ்ஸு, ஒண்ணரைக்கு முன்னே வராது.”

வெங்கடாசலத்துக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. வாரிலிருந்த பையைத் திறந்து, ஒரு ரூபாயை எடுத்துச் சின்னண்ணனின் காலடியில் விட்டெறிந்தான்.

“இந்தா, பஸ்ஸு சத்தம். எடுத்துக்கிட்டு ஊரு போய்ச் சேருங்க.”

வெள்ளி ரூபாய் கல்தரையில் சுழன்று விழுந்தது. சின்னண்ணன் குனிந்து எடுத்தான். கண்டக்டர் கை, கண் பார்ப்பதற்கு முந்தி விரல் பார்க்கும். ரூபாய் ஒரு பக்கம் சரியாக இருந்தது. மறுபக்கத்தில் ராஜா முகம் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று குழிந்து, ஒரு கிண்ணம்போல் கிடந்தது.

“ஏனுங்க பண்ணாடி, எந்தக் கடையிலயும் வாங்காத ரூவாயாப் பாத்து எடுத்தீங்களா? ராசாவுக்கு மூஞ்சியே இல்லை! இதை நான் குடுத்தா எனக்கு மூஞ்சி இருக்காது.”

“குடுத்ததை வாங்கிக்கப்பா. உனக்கெல்லாம் அது போதும்.”

சின்னண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வருகிற காசைத் திருப்பித் தருகிற பழக்கத்தை ஒருமுறை செய்து பார்த்து, பட்டவன் அவன்.

அருணகிரி முதலில் பூட்டைக் கேட்டார். நிலையில் தொங்கிய திண்டுக்கல் பூட்டு. மூக்குக்கு அருகே பிடித்து, சாவித் துவாரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“பூட்டு யோக்கியன்,” என்று திருப்பிக் கொடுத்தார். “சின்னண்ணா, தாழைப் பாரு.”

சின்னண்ணன் பேனாக்கத்தியைக் கதவிடுக்கில் விட்டு முன்னும் பின்னும் அசைத்தான். நிலையின் விளிம்பு உள்ளே மடங்கியிருந்தது. கத்தி பாதி போய் நின்றது. முதுகில் வேர்வை ஓடியது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“தாழும் யோக்கியனுங்க.”

“அப்ப ரெண்டு யோக்கியனையும் உட்டுருவோம். ஒரு கதவுல எப்பவும் ரெண்டு பக்கம் இருக்கும். எல்லாரும் பூட்டற பக்கத்தையே பாப்பாங்க.” அருணகிரி மெல்லக் கதவோரம் சாய்ந்தார். “அம்மிணி, செவ்வாய்க்கிழமை பூட்டைத் தொறந்தீங்களே, அன்னைக்கு என்னமாச்சும் வித்தியாசம்?”

உள்ளிருந்து குரல் வந்தது.

“கதவு கத்தலைங்ணா.”

“எப்பவும் கத்துமா?”

“கன்னுக்குட்டி மாதிரி கத்தும். அவரு போனதுக்கப்பறம் நான்தான் எண்ணெய் உடக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். ஒண்டியா இருக்கறவளுக்கு நாயும் அதுதான், காவக்காரனும் அதுதான். எவன் தொட்டாலும் ஊரைக் கூட்டட்டும்னு உட்டிருந்தேன். அன்னைக்குத் தொறந்தா, ஊமையாட்டம் வந்துது.”

“இதை ஏனுங்க ஊரு கேட்டப்ப சொல்லலை?”

“சொன்னேன். கதவு கத்தலைன்னு ஒரு பொம்பளை சாட்சி சொன்னா சிரிப்பாங்களா, கேப்பாங்களா? சிரிச்சாங்க.”

சின்னண்ணன் திரும்பிப் பார்த்தான். சிரித்தவர்கள் இப்போது தரையைப் பார்த்தார்கள்.

அருணகிரி மண்டியிட்டார். அந்தக் கதவுக்குக் கீலோ திருகாணியோ கிடையாது. பழைய கதவு. பலகையோடு செதுக்கிய இரண்டு குடுமி. மேல்குடுமி உத்தரத்துத் துளையில், கீழ்க்குடுமி கல்படியில் வெட்டிய குழியில். அந்தக் குழியில் நின்றுதான் கதவு சுழல வேண்டும். அவர் சுண்டுவிரலால் குழியின் விளிம்பைத் தடவி, மோந்து பார்த்து, சின்னண்ணன் மூக்குக்கும் நீட்டினார்.

“விளக்கெண்ணெய்,” என்றான் சின்னண்ணன். “கொளந்தைக்குக் குடுக்கற மாதிரி நல்லாவே குடுத்திருக்கறாங்க.”

“ஆசாரி,” என்றார் அருணகிரி நிமிராமலே, “நீங்க விட்டதா?”

“நானா? நான் இந்தக் கதவைத் தொட்டுப் பத்து வருசமாச்சுங்க. இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கலை.”

“உங்கப்பா கதவை நிறுத்தினப்போ குழியில காசு போட்டிருப்பாரே?”

ஆசாரியின் முகம் சட்டென்று மலர்ந்தது. தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்தத் தொழிலாளிக்கும் வருகிற மலர்ச்சி.

“போடாம? வெறுங்குழியில ஆசாரி கதவை நிறுத்த மாட்டானுங்க. ஊடு வெளங்காது. வெள்ளி ரூவா போட்டு, மஞ்சத் தண்ணி தெளிச்சு, எண்ணெய் உட்டுத்தான் குடுமியை எறக்கோணும். அது எங்க குலத்துக் கட்டு.”

“எங்கய்யன் கையாலேயே போட்டாரு,” என்றான் வெங்கடாசலம். “ஊரே பாத்துச்சு. அதுக்கென்ன இப்ப? பொழுது போகுது!”

“போச்சாதுங்க, பொழுது அதும்பாட்டுக்குப் போகட்டும்.” அருணகிரி எழுந்தார். “மணியக்காரரே, இந்த ரூம்ல முன்னே என்ன இருந்துச்சு?”

“கடலைக்காய் மூட்டை. கலியாணம் ஆனப்பறம்தான் படுக்கற ரூமாப் பண்ணினாங்க.”

“அதைத்தான் கேக்க வந்தேன். ஒரு கடப்பாரை குடுங்க. ரெண்டு சாக்கு.”

“உடைக்கக் கூடாது!” என்று கத்தினான் வெங்கடாசலம்.

“ஒரு சிராய் பேந்துச்சுன்னா அந்தப் பத்திரத்துல நான் கையெழுத்து வெக்கறேன்,” என்றான் சின்னண்ணன். “எனக்கு அத்தனை சொத்து இல்லை, ஆனாலும் வெக்கறேன்.”

கடப்பாரை வந்தது. சின்னண்ணன் அதன் நுனியில் சாக்கைச் சுற்றினான். ஓரக்கண்ணால் ஆசாரியைப் பார்த்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்து அவர் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதால் தூணில் டக்டக்கென்று தட்டிக்கொண்டேயிருந்தார்.

“மூட்டை ரூமுக்கு ஒரு வழக்கம் உண்டு,” என்றார் அருணகிரி எல்லாருக்கும் கேட்கும்படி. “உள்ளே மூட்டையை அடுக்கிப்போட்டா உள்பக்கம் தொறக்கற கதவு இடிச்சு நிக்கும். அதனால கதவை வெளிப்பக்கமாத் தொறக்கற மாதிரி வெப்பாங்க. வெளிப்பக்கம் தொறந்தா குடுமியும் குழியும் ஆரு பக்கம் இருக்கும்? நம்ம பக்கம். கதவுக்கு உள்ளே தாழ் போட்டா அது ஒரு ஓரத்தைத்தான் புடிக்கும். இன்னொரு ஓரத்தைப் புடிக்கறது இந்த விரற்கடை ஆழக் குழி மட்டும்தான். அழுத்து, சின்னண்ணா.”

சின்னண்ணன் கடப்பாரையைக் குடுமிப் பக்கத்துக் கதவடியில் கொடுத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் தொங்கவிட்டான். கதவு பெருமூச்சு விட்டதுபோல் ஒரு விரற்கடை எழும்பியது. மேல்குடுமி உத்தரத்துத் துளைக்குள் இன்னும் ஆழமாகப் போயிற்று. கீழ்க்குடுமி குழியிலிருந்து வெளியே வந்தது. அருணகிரி மறுபடியும் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அதன் அடியைப் பிடித்து வெளியே இழுத்தார்.

கதவு திறந்தது, பூட்டுகிற பக்கமாக இல்லாமல் சுழல்கிற பக்கமாக.

ஆள் நுழைகிற இடைவெளி. அதன் வழியே கூடத்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மேல் பட்டது. முப்பது வயது இருக்கும், மண் ஒட்டிய கை. வெளிச்சம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்ததில் அவள் தலையைத் திருப்பினாள். எழுந்திருக்கவில்லை.

“தாழ் என்னாச்சும்மா?” என்றார் அருணகிரி.

“போட்டது போட்டபடி இருக்குதுங்ணா.”

கூடத்தில் இருந்த பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மணியக்காரர் கட்டிலைவிட்டு எழுந்து வந்து, இடைவெளியில் தலையை விட்டு, தாழைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டார்.

வெங்கடாசலம் மட்டும் கலங்கவில்லை. மூன்று மூச்சு விட்டான், அவ்வளவுதான். பிறகு கையைத் தட்டினான்.

“பலே! ரொம்பச் சந்தோசம். தொறக்க முடியும்னு ஆகிப்போச்சு. அதனால? உருமாலுக்காரன் வந்தது இல்லைன்னு ஆயிருமா? இந்த வித்தையை அவளே அவனுக்குச் சொல்லிக் குடுத்திருப்பா. சாவி இல்லாம வந்து போறதுக்கு வழி! மணியக்காரரே, பூட்டு இருக்கற பொம்பளையா இருந்தப்பவாச்சும் சந்தேகம்தான். இப்ப என்ன, தொறந்த ஊடு!”

திறந்துவிட்டால் ஜெயித்தோம் என்று சின்னண்ணன் நினைத்திருந்தான். திறந்ததே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கினார்கள். வெங்கடாசலம் விடுதலைப் பத்திரத்தை மடியிலிருந்து எடுத்து நீவினான்.

உண்ணாமலை இடைவெளி வழியாகப் பேசினாள். குரல் உயரவில்லை.

“கொழுந்தனாரே, அந்தக் காயிதத்தை மடிச்சு வெய்யுங்க. சேலத்து அண்ணன் இன்னும் எந்திரிக்கலை பாருங்க.”

அருணகிரி மண்டியிட்டபடியேதான் இருந்தார்.

“மணியக்காரரே, கையை விட்டு அந்தக் குழியில என்ன இருக்குதுன்னு எடுங்க. நான் தொட்டா நான் போட்டதும்பாங்க.”

மணியக்காரர் சிரமப்பட்டுக் குனிந்தார். எண்ணெய்க் குழியில் இரண்டு விரலை விட்டுத் துழாவி, எதையோ எடுத்து மேல்துண்டில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

நடுவில் ஓட்டை போட்ட காலணா.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவரும் அந்தக் காசை அறிவார். யுத்தத்தில் செம்புக்குப் பஞ்சம் வந்த பின்னால், போன வருஷம்தான் சர்க்கார் நடுவயிற்றைத் தோண்டிவிட்டுக் காலணா அடித்தது. இடுப்பு அரைஞாணில் கோத்துக் குழந்தைகள் விளையாடுகிற காசு.

“துன்மதி வருசத்துல போட்ட குழியில போன வருசத்துக் காசு,” என்றான் சின்னண்ணன். “ஆசாரி, உங்கப்பா காலத்துக்கு முந்திப் போனவருங்க. ரொம்பத்தான் முந்தி!”

“உருமாலுக்காரன் தன் உருமாலையும் மறந்துபோட்டு, பொடி டப்பியும் மறந்துபோட்டு, குழிக்கு மட்டும் ஞாபகமாக் காசு வெச்சுட்டுப் போனானா?” என்றார் அருணகிரி. “திருடன் குழியில இருக்கறதை எடுப்பான், வைக்க மாட்டான். வெறுங்குழியில கதவை நிறுத்தினா ஊடு வெளங்காதுன்னு பயப்படற கை, குடுமியை எண்ணெய் இல்லாம எறக்கத் தெரியாத கை, இந்த ஊர்ல எத்தனை இருக்குது? கெட்ட வேலையையும் சுத்தமாச் செஞ்சிருக்கீங்க, ஆசாரி. இன்னும் கொஞ்சம் அழுக்காச் செஞ்சிருந்தா நான் தோத்திருப்பேன்.”

அர்த்தநாரி ஆசாரி சுவரைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது. வெங்கடாசலத்தின் கண் அவர் மேல் விழுந்தது. வாய் மூடிக்கொண்டது.

“ஆசாரி செஞ்சா ஆசாரியைக் கேளுங்க,” என்றான் வெங்கடாசலம். “அவ காசு குடுத்துச் செய்யச் சொல்லியிருப்பா. எனக்கென்ன தெரியும்? பழைய வெள்ளி ரூவா எங்கே? அதையும் இவன்தான் தின்னுருப்பான். என்மேல என்ன இருக்குது?”

பழைய வெள்ளி ரூபாய்.

சின்னண்ணனுக்குச் சட்டைப் பை திடீரென்று கனத்தது. கையை விட்டு எடுத்தான். ராஜா முகமில்லாத ரூபாய். பக்கத்தில் சாய்ந்து நின்ற கதவின் கீழ்க்குடுமியைப் பார்த்தான். தேயாமல் இருக்க நுனியில் இரும்புப் பூண் அடித்திருந்தது. குனிந்து, ரூபாயின் குழிந்த பக்கத்தை அந்தப் பூணில் வைத்தான்.

முட்டை கிண்ணத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

“அய்யா,” என்றான், தன் குரல் தனக்கே வேறு மாதிரி கேட்க, “இந்த ரூவாய் எந்தக் கடையிலயும் தேயலைங்க. இருபத்து மூணு வருசம் இந்தக் கதவு ராசா மூஞ்சி மேல நின்னு சுத்தியிருக்குது. வருசம் பாருங்க, பத்தொம்பது பத்தொம்பது. இதை எனக்கு ஆரு குடுத்தாங்கன்னு இந்தக் கூடமே பாத்துச்சு. ஏனுங்க பண்ணாடி, பஸ்ஸு சத்தத்துக்குச் செல்லாத ரூவாயாப் பாத்துப் பொறுக்கினீங்களே, செல்லற ஒண்ணைக் குடுத்திருக்கக் கூடாதா?”

வெங்கடாசலம் வாரைப் பிடித்துக்கொண்டான். அது இனி எதையும் காப்பாற்றாது என்று அவன் கைக்குத் தெரியவில்லை.

ஆசாரி அப்படியே கல்படியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“உருமாலை உள்ளே போடறதுக்குக் கதவைத் தூக்கினவுடனே எங்கய்யன் காசுன்னு பண்ணாடி எடுத்துக்கிட்டாருங்க. நான் எத்தனையோ சொன்னேன், குழியை வெறுமையா உடக்கூடாதுன்னு. சிரிச்சாரு. எம்மடியில அந்தக் காலணாதாங்க இருந்துச்சு. அம்மிணி, தப்புப் பண்ணிப்போட்டேன். ஆனா வெறுங்குழியில மட்டும் நிறுத்தலைங்க சாமி, உங்க ஊடு வெளங்காமப் போயிரும்னுதான்...”

உண்ணாமலை இடைவெளி வழியாக வெளியே வந்தாள். அவர் முன்னால் நின்றாள்.

“என்னைத் தெருவுல நிறுத்தறதுக்குக் கதவைத் தூக்கினீங்க. என் ஊடு வெளங்கோணும்னு காசும் வெச்சீங்க. உங்களை நான் என்ன பண்ணட்டும்?” என்றாள். “எந்திரிங்க. கதவை மாட்டுங்க. கூலி கிடையாது.”

மணியக்காரர் தொண்டையைச் செருமினார். “வெங்கடாசலம், பந்தயம் உன் வாயால ஒத்துக்கிட்டது. பத்துப் பேரு சாட்சி.”

“பஸ்ஸு ஊதறதுக்குள்ள...” என்று ஆரம்பித்தான் அவன். அவன் ஆரம்பித்த அதே சமயத்தில் ரோட்டில் கரி பஸ் இருமி, கனைத்து, நீளமாக ஊதியது.

“பன்னெண்டு மணி பஸ்ஸு,” என்றான் சின்னண்ணன். “அதிசயமா நேரத்துக்கு வந்திருக்குது. ஓடுங்க பண்ணாடி, உங்களுக்குத்தான் காத்திருக்குது. ஏத்தத்துல தள்ளச் சொன்னா தள்ளுங்க. டிக்கெட் காசைத் திருப்பி வாங்கிக்கலாம்.”

வெங்கடாசலம் வாசற்படி இறங்கினான். பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். போகிற வழியில் ஒவ்வொருவரும் உண்ணாமலையைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார்கள். அவள் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. அவள் பார்வை குழியில் இருந்தது.

ஆசாரி கதவைத் தூக்கினார். வழக்கப்படி எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

“எண்ணெய் வேண்டாம்,” என்றாள் அவள். முந்தானையால் குழியைத் துடைத்து, ஒட்டிய எண்ணெயை முழுக்க ஒற்றியெடுத்தாள். சின்னண்ணன் வெள்ளி ரூபாயை நீட்டினான். அவள் வாங்கவில்லை. மணியக்காரர் கையிலிருந்த ஓட்டைக் காலணாவை எடுத்துக் குழியில் போட்டாள். அடுத்து வாசலுக்குப் போய், ஒரு பிடி மணலோடு திரும்பி வந்து அதன்மேல் தூவினாள்.

“அந்த ரூவா உங்களுக்குத்தான் குடுத்தது. வெச்சுக்குங்க. எனக்கு இந்தக் காலணா போதும். இனிமேல் இந்தக் கதவைத் தூக்கறவன் இதைப் பாத்துட்டுத் தூக்கட்டும்.”

“அப்ப குடுமியை உள்பக்கம் மாத்தறதுக்கு...” என்று தொடங்கினார் அருணகிரி.

“நாளைக்கே மாத்திக்கறேன்ங்ணா. இன்னைக்கு இப்படியே இருக்கட்டும். கொழுந்தனாரு இன்னும் ரோட்டுக்குப் போய்ச் சேரலை.”

அவள் இடைவெளி வழியே உள்ளே போய்த் தாழை நீக்கி வந்ததும் ஆசாரி குடுமியை இறக்கினார். உண்ணாமலை கதவை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, முழுவதும் திறந்தாள்.

கன்றுக்குட்டி மாதிரி இல்லை. பத்து மாட்டுவண்டி ஒரே ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி கத்தியது கதவு. களத்தில் காய்ந்த கடலையைக் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எழும்பின. கடலைக்காட்டு வரப்பில் பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்த வெங்கடாசலம் நின்று திரும்பிப் பார்த்தான்.

அவள் மறுபடியும் சாத்தினாள். மறுபடியும் திறந்தாள்.